அப்பாவின் இடது புருவம்

வார நாட்களில் நான் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கத்திய ஓவியங்களின் வரலாறு படிக்கிறவள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் ஊரான பண்டமாரானில் யாரும் நம்பமாட்டார்கள். கல்யாண வீடுகளில் என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். கலை வரலாறு என்பேன். டான்ஸா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடப் பழகிக்கொண்டேன். இதுவரை யாரும் ஆடிக் காட்டச் சொல்லவில்லை.

வகுப்பு பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு கடை வரிசையின் மூன்றாவது மாடியில். ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனில் இறக்கிவிடுவார். அவர் துறைமுகத் தொழிலாளி. கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் சரியாமலிருக்க இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிற வேலை. முப்பது வருடம் அதையே செய்தார்.

முதல் பருவத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். பழைய ஓவியம் ஒன்றில் இருக்கும் ஒரு முகத்தை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். எனக்கு வந்தது நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு கிழவரின் முகம். பிரதியைச் சாப்பாட்டு மேசையில் சாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் அது என்று கேட்டார். தெரியாது, பெயர் எங்கேயும் பதிவாகவில்லை என்றேன்.

"பேரே தெரியாத ஆளப் பத்தி என்னத்தம்மா எழுதுவ?"

பேசாமல் சாப்பிடுங்கப்பா என்று சொல்லிவிட்டேன். அவரும் பேசாமல் சாப்பிட்டார். கிழவரின் கீழ் இமை ஈரத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். மொத்தம் பதினொரு பக்கம். விரிவுரையாளர் வகுப்பில் அதை வாசித்துக் காட்டி, இவளுக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது என்றார். அன்றைக்கு ரயிலில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

போன வருடம் ஒரு காலை ஷிப்டில், தேநீர் இடைவேளையில், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி வேறு எதுவும் எழுத எனக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொன்ன பிறகுதான், எங்கள் வீட்டில் அப்பாவின் படமே இல்லை என்பது தெரிந்தது. எல்லாப் படங்களையும் எடுத்தவர் அவர். அவர் எடுத்த படங்களில் அவர் எப்படி இருப்பார்? கல்யாணப் படத்தில் இருப்பவர் இருபத்தாறு வயதுப் பையன். அது என் அப்பா இல்லை. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்த படத்தைப் பயன்படுத்தலாம் என்றால், இறப்புச் சான்றிதழ் எடுக்கும்போதே அதை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒன்று அகப்பட்டது. புது ஹேண்ட்போன் வாங்கிய அன்று, துறைமுகத்தில், கண்டெய்னர்களுக்கு முன்னால் நின்று அவரே எடுத்துக்கொண்ட செல்பி. கொஞ்சம் வெட்கத்தோடு, கேமராவைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு போட்டோ கடைக்குப் போனோம். கடைக்கார அக்கா கம்ப்யூட்டரில் ஒரு போல்டரைத் திறந்தார். உள்ளே வரிசையாகத் தலையில்லாத உடம்புகள். கறுப்புக் கோட்டு, நீலக் கோட்டு, பட்டு ஜிப்பா, வேட்டி துண்டு. இறந்தவர்களின் தலையை எடுத்து இவற்றில் ஒன்றில் பொருத்துவது அவருடைய தொழில். எங்கள் ஊரில் பாதிச் சுவர்களில் கோட்டுப் போட்டபடி தொங்குகிறவர்கள் உயிரோடிருந்தபோது கோட்டைத் தொட்டதுகூடக் கிடையாது.

அம்மா கறுப்புக் கோட்டைக் காட்டினாள். அது அவருக்கு நல்லா இருக்கும் என்றாள்.

நான் விடவில்லை. இரவல் உடையில் நிற்கும் உருவப்படங்களைப் பற்றி ஒரு முழுப் பருவம் படித்தவள் அல்லவா! செல்வந்தர்கள் தங்கள் அந்தஸ்தைப் பற்றித் துணியால் எப்படிப் பொய் சொன்னார்கள், ஓவியன் அதற்கு எப்படி உடந்தையாக இருந்தான் என்றெல்லாம் என் மண்டையில் ஏறியிருந்தது. அப்பா அவருடைய வேலைச் சட்டையில்தான் இருக்க வேண்டும், பொய் வேண்டாம் என்று கடையிலேயே பிரசங்கம் செய்தேன். புருஷனைப் பறிகொடுத்துப் பத்து நாள் ஆகியிருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்னணியை எடுத்துவிட்டு நீலம் போட்டார் அக்கா. முகத்தைத் துடைத்துச் சுத்தமாக்கினார். புருவத்துக்கு மேலே இருந்த தழும்பின் மீது மவுஸ் நின்றது. கம்பி தெறித்து வந்த தழும்பு அது.

"இத எடுத்துறவா, தங்கச்சி?"

"வேணாம்க்கா. அதான் எங்க அப்பா."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

காரியத்தன்று சித்தி படத்தின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சந்தன மாலை போட்டாள். வந்தவர்கள் எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். அச்சு அசல் அவரேதான் என்றார்கள். அன்று மாலையே ஹாலில் மாட்டினோம்.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மா சாமிப் படங்களைத் துடைத்துப் புதுப் பொட்டு வைப்பாள். வீட்டில் நினைவு தெரிந்த நாளிலிருந்து நடப்பது இது. காரியம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை எல்லாப் படத்துக்கும் வைத்துக்கொண்டே வந்தவள், அப்பா படத்தருகே வந்ததும் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. சித்தி வைத்த பொட்டு காய்ந்து உதிர்ந்து, கண்ணாடியில் வெறும் கறைதான் இருந்தது. அம்மா அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோட்டு விஷயத்தில் என் மேல் கோபம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அவர் போனதை இன்னும் ஏற்கவில்லை, தானாகச் சரியாகும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சொல்லத்தானே படிக்கிறேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு ஏன் பொட்டு வைக்கமாட்டேன் என்கிறாய், கோட்டுப் போட்டே வேறு படம் செய்து தரட்டுமா என்றேன்.

"கோட்டு கெடக்கு. இது அவரு இல்ல."

அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். அவள் நிதானமாகத்தான் இருந்தாள். சோபாவில் உட்கார்ந்து, தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அவருக்கு தழும்பு இங்க. நான் அவருக்கு இந்தப் பக்கம்தான் படுப்பேன். முப்பது வருஷமா காலையில கண்ண முழிச்சா அந்தத் தழும்புதான். படத்துல அந்தப் பக்கம் இருக்கு. யாரோ ஒரு ஆம்பளைக்கு நான் எப்படி பொட்டு வைப்பேன்?"

ஹேண்ட்போனில் அந்தச் செல்பியைத் தேடி எடுத்தேன். அப்பாவின் தோளுக்குப் பின்னால் கண்டெய்னர்கள். அவற்றின் மேலிருந்த எழுத்துகள் அத்தனையும் திரும்பியிருந்தன. செல்பி எடுக்கும்போது திரையில் கண்ணாடி மாதிரித் தெரியுமே, அந்த மலிவு போன் அதை அப்படியே சேமித்துவிட்டது. நான் தினமும் அலுவலகத்தில் கண்டெய்னர் எண்களைப் பார்த்துப் பார்த்து டைப் அடிக்கிறவள். அந்தப் படத்தைக் குறைந்தது நூறு தடவை திறந்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எனக்கு அதிக மதிப்பெண் வாங்கித் தந்த கட்டுரை, தங்களைத் தாங்களே வரைந்துகொண்ட ஓவியர்களைப் பற்றியது. கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் வலது கைக்காரன் இடது கைக்காரனாகத் தெரிவான், முகத்தின் பக்கங்கள் இடம் மாறியிருக்கும், அவனைத் தெரிந்தவர்களுக்கு அந்த முகம் சற்று வேற்றாளாகத் தோன்றியிருக்கும் என்று எழுதியிருந்தேன். தெரிந்தவர்களுக்கு! என் கையால் எழுதியது. என் அப்பா முகம் எனக்கு வேற்றாளாகத் தோன்றவே இல்லை. அப்படியானால் நான் யார்?

இதற்குப் பிறகு படிப்பை விட்டுவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். விடவில்லை. இப்போதும் ஞாயிறுகளில் ரயிலேறிப் போகிறேன், குறிப்பெடுக்கிறேன், கேட்டால் பதில் சொல்கிறேன். முன்பு ஒரு முகத்தைப் பார்த்தால் உள்ளே ஏதோ விழித்துக்கொள்ளும். இப்போது திரையில் வரிசையாக வந்து போகும் முகங்களில் ஒன்றுகூட எனக்கு எதுவும் செய்வதில்லை. பார்க்கத் தெரிந்தவள் என்று சொன்னவரிடம் போய், இல்லை சார், தவறாகச் சொல்லிவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

மறுநாளே கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். படத்தைத் திருப்ப ஒரே ஒரு சொடுக்குதான் வேண்டியிருந்தது. கோட்டு போடவா என்றார். போடுங்கள் என்றேன்.

அம்மா புதுப் படத்தை மடியில் வைத்து ஒரு கணம்தான் பார்த்தாள். எழுந்து போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். நெற்றியில் பொட்டு வைத்த விரல் அப்படியே இறங்கி இடது புருவத்தின் மேல் நின்றது. அதற்குப் பிறகு அழுதாள். அத்தனை வாரமாக அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்கங்க போனீங்க, எங்கங்க போனீங்க என்று கேட்டுக்கொண்டே அழுதாள்.

நான் பின்னால் நின்று அந்தப் படத்தைப் பார்த்தேன். வாய் வேறு மாதிரி கோணியிருந்தது. ஒரு கண் சின்னதாக இருந்தது. கோட்டுக்குள்ளிருந்து யாரோ ஒரு மனிதர் எனக்குப் பழக்கமில்லாத பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இத்தனை மாதமாகியும் சரியாகவில்லை.

பழைய படத்தை அம்மா தூக்கிப் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். அது என் துணி அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தால் நான் ஹாலுக்குப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அலமாரியைத் திறக்கிறேன்.