பிரைவேட் நம்பர்

மகளைப் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட்ட அன்று பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். மேடையில் நின்ற பெண் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்கு ஏதும் நடந்தால், பிள்ளை சம்மதிக்காமல் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள். இன்றைக்கே அவர்களோடு இருந்து கதையுங்கள். அறைத்தோழியின் நம்பரை வாங்குங்கள்.

என் கணவர் காதுக்குள் சொன்னார்: “உதெல்லாம் வெள்ளையளுக்கு. எங்கட பிள்ளை எங்களுக்குச் சொல்லாமல் வேற ஆருக்குச் சொல்லப்போறா?”

ஆபத்தைப் பற்றி எங்களுக்கே பாடமா என்றுதான் நானும் நினைத்தேன். ஷெல் அடிக்குள் இந்த நாட்டுக்கு ஓடி வந்தவர்கள் நாங்கள். ரூஜில் உள்ள எங்கள் வீட்டில் இன்றைக்கும் கதவடியில் ஒரு பை தொங்குகிறது. பாஸ்போட், பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், எல்லாருடைய அசலும் அதற்குள். ஆஸ்பத்திரியில் கேட்கும் அட்டை, மகளின் ஹெல்த் காட், அதையும் அதற்குள்தான் வைத்தேன். கையில் கொடுத்தால் தொலைப்பாள். அவளுக்குப் பிரதி ஒன்றைக் கொடுத்து, டோர்ச்சும் மெழுகுதிரியும் அந்தோனியார் சுரூபமும் கட்டி அனுப்பினேன். மெழுகுதிரி! விடுதியில் கொளுத்தக்கூடாது என்று முதல் கிழமையே பறித்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஸ்ரௌவ்வில்லில் உள்ள கொழுந்தன் வீட்டில் இருந்தோம். மறுநாள் அவருடைய குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் விருந்துப் பலகாரத்துக்கு றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன், கை முழுக்க மா. மேசையில் கிடந்த என் போன் அடித்தது.

“பிரைவேட் நம்பர் அண்ணி. டக்ற் கிளீனிங்காரன்தான்,” என்றார் கொழுந்தன் எட்டிப் பார்த்து.

வீட்டுக் காற்றுக்குழாய் துப்புரவாக்கவா என்று நாள் முழுக்க அடித்து உயிரை எடுக்கும் கூட்டம் அது.

“வெட்டிவிடும்,” என்றேன்.

திரும்ப அடித்தது. வெட்டினார். மூன்றாம் தரமும் அடித்தது.

“உங்கட வீட்டுக் குழாயில அவனுக்கு அப்பிடி ஒரு காதல் அண்ணி!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பின்னேரம் மகளின் அறைத்தோழி போனில் அழைத்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. என் மகனை இன்ஸ்டகிராமில் தேடிப்பிடித்து என் நம்பரை வாங்கியிருந்தாள்.

“ஆன்ட்டி, அவ ஹாஸ்பிட்டல்ல இருக்கா. உயிரை விடப் பாத்திருக்கா. இப்ப ஆபத்து இல்லன்னு சொன்னாங்க. அவ போன் ரூம்லயே கிடக்கு. காலைல ஹாஸ்பிட்டல் போன்லேர்ந்து அவளே உங்களைக் கூப்பிட்டா, ஆன்ட்டி. நீங்க கட் பண்ணிட்டீங்க. அப்புறம் வீட்டுக்குச் சொல்லவே வேணாம்னுட்டா.”

வீட்டுக்குப் போய்க் கதவடிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்ட் வாசலில் தாதி மறித்தாள். உங்கள் மகள் வளர்ந்தவள், யாரையும் பார்க்க விருப்பமில்லை என்கிறாள் என்றாள். நான் தாய் என்று கத்தினேன். காவலாளி வந்தான். தாதி உள்ளே போய் வந்து கேட்டாள்: ஹெல்த் காட் உங்களிடம் இருக்கிறதாமே?

எடுத்துக் கொடுத்தேன். காட் உள்ளே போனது. கதவு மூடியது. நான் மிச்சப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே இருந்தேன்.

மகள் உயிரோடு இருக்கிறாள். தகப்பனோடு போனில் கதைக்கிறாள். “அம்மா பக்கத்தில நிக்கிறா” என்று அவர் சொன்னால் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்கிறாள்.

“வெளியில சொல்லிப்போடாதையுங்கோ, நாளைக்குக் கலியாணம் பேசேக்க வரும்,” என்று கொழுந்தன் பெண்சாதி சொன்னாள். இந்த ‘வாயை மூடு, பொத்து’ என்ற புத்திதான் என் பிள்ளையை அந்தக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது. சொல்லுவேன். பிள்ளையைப் படிக்க அனுப்புகிற எல்லாருக்கும் சொல்லுவேன். அந்த மேடைப் பெண் சொன்னதைக் கேளுங்கள். ஹெல்த் காட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். போனை எடுங்கள்.

நான் இப்போது எல்லாவற்றையும் எடுக்கிறேன், வேலையிடத்திலும் பூசைக்கு நடுவிலும். “பிள்ளையோ?” என்று கேட்கிறேன். டக்ற் கிளீனிங்காரன் தன்னுடைய விலையைச் சொல்லத் தொடங்குவான். அவன் சொல்லி முடிக்கும்வரை வெட்டுவதில்லை.