இரண்டு தடவை மிதித்த பாதை

பெட்ரோலுக்குச் சனம் நாள்கணக்கில் வரிசையில் நின்றதே, அந்தக் காலம்தான். பண்டாரவளைக்கு ஒழுங்காக பஸ் ஓடவில்லை. மகள் வயிற்றுப் பேத்தி பட்டம் படித்த காம்பஸையும் மூடிவிட்டு, பாடத்தை போனிலேயே நடத்தினார்கள். எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்களத்தில் மட்டும்தான் போன் நன்றாக எடுக்கும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்துவிடுகிற இடம் அது. ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு அங்கே அவள் உட்கார்ந்து படிப்பாள், துணைக்கு நான் இருப்பேன்.

கம்ப்யூட்டர் படிப்பு. அதில் ஒரு பாடத்தில் பெயில், மறுபடி எழுத வேண்டும். "இந்த வாட்டியும் போச்சுன்னா கொழும்புக்கு கார்மென்ட்ஸுக்குப் போயிருவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் அம்மா அடுப்பே மூட்டவில்லை.

பாடத்தின் பேர் கிராஃப். புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்கிறார்கள். கோலம் என்று நினைத்தேன். ஆனால் ஒன்றிலும் அழகில்லை.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "தாத்தா, ஒங்களப் பத்தி ஒரு கேள்வி இருக்கு. ஒரு தபால்காரரு எல்லா லைன்லயும் ஒரே ஒரு வாட்டி போயிட்டு, பொறப்பட்ட எடத்துக்கே வரணும். முடியுமா?"

நான் முப்பது வருஷம் தோட்டத்துத் தபால்காரன். எழுத்து தெரியாது. ஆபீசில் கிளாக்கர் ஐயா ஒவ்வொரு கடிதமாக யாருக்கு என்று வாசித்துச் சொல்வார், நான் போகிற வழிப்படி அடுக்கிக்கொள்வேன். ஒரு கடிதமும் ஆள் மாறிப் போனதில்லை. நீலக் கடிதம் என்றால் இந்தியாவிலிருந்து. அதை மட்டும் சட்டைப் பையில் வைப்பேன், மழைக்கு.

"ஏன் முடியாது? தெனம் அதத்தானே செஞ்சேன்!"

"இந்தப் படத்துல முடியாது தாத்தா."

"படத்த விடு. நம்ம தோட்டத்தப் பாரு."

குச்சியால் மண்ணில் போட்டுக் காட்டினேன். ஆபீசிலிருந்து ஸ்டோர், அதாவது தேயிலை ஆலை. ஸ்டோரிலிருந்து மேல் லயம், ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். பிறகு கீழே பணிய லயம், நடு லயம், மறுபடி ஆபீஸ்.

"மேல் லயத்துல இருந்து எப்படி எறங்குனீங்க?"

"ஸ்டோர் வழியாத்தான். வேற பாதை ஏது?"

"அப்ப அந்த லைன்ல ரெண்டு வாட்டி போயிட்டீங்களே!"

"யாரு சொன்னா? லைனுக்கு ஒரு வாட்டிதான். ரெண்டாவது வாட்டி போனா எவ தேத்தண்ணி குடுப்பா?"

"ஐயோ தாத்தா! லைன்னா லயம் இல்ல. பாதை! கோடு!"

"ஆளு குடியிருக்கிறதுதான் லைன். பாதைய எவன் எண்ணுவான்?"

விழுந்து விழுந்து சிரித்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது. பழைய கேள்விப் பேப்பரைத் தேடி எடுத்தாள்.

"நானும் இதத்தான் செஞ்சிருக்கேன். கோட்ட எண்ணச் சொல்லிருக்காங்க. நான் புள்ளிய எண்ணிட்டு வந்திருக்கேன்."

பிறகு எனக்கே விளக்கம் சொன்னாள். ஸ்டோரடியில் மூன்று பாதை. ஒன்றில் வந்து ஒன்றில் போனால், மூன்றாவது மிச்சம். அதில் போனால் மிதித்த பாதையை மிதிக்காமல் திரும்ப முடியாது. எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

"மேல் லயத்த ஏன் போட்டீங்க?" என்றாள் கடைசியில். "அங்கதான் யாருமே இல்லியே."

இல்லைதான். நாற்பது வருஷத்துக்கு முன்பே, இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தில் எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். போன பிறகும் கொஞ்ச மாசம் அவர்கள் பேருக்குக் கடிதம் வந்தது. "திருப்பி அனுப்புவோம்" என்றார் கிளாக்கர் ஐயா. நான் கேட்கவில்லை. மேலே ஏறி, பூட்டின கதவுகளைப் பார்த்துவிட்டு, அதே பாதையில் இறங்கி வந்துதான் திருப்பிக் கொடுப்பேன்.

பேத்தி அந்தப் பாடத்தில் பாஸ். கொழும்புக்குத்தான் போனாள், கார்மென்ட்ஸுக்கு இல்லை. கம்ப்யூட்டர் வேலை.

இதை எழுதிக்கொள்ளுகிற நீங்கள் அவளைக் கண்டால் ஒன்று சொல்லிவிடுங்கள். மேல் லயத்துப் பாதையை மானாப்புல் மூடிக்கிடந்தது. போன கிழமை கத்தியோடு போய் வெட்டிவிட்டேன். போகவும் வரவும் அதே பாதைதான், இரண்டு தடவை மிதித்தேன். தோட்டத்தை எப்போதாவது படம் போட்டால், அந்தக் கோட்டை விட்டுவிட வேண்டாமாம் என்று சொல்லுங்கள்.