ஏறாவூரில் மூக்குக் கழுவி, கல்குடாவில் கருவாடு வாங்கியது

ஓகஸ்ட் மாதம், வியாழக்கிழமை, காலை 5.15. பதுளை பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ் ஏறினேன். செங்கலடி வரை டிக்கெட் அறுநூற்று இருபது ரூபாய், தூரம் நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். கையில் இரண்டு வெறும் சாக்கு. தோள்பையில் ஒரு மாற்று உடுப்பு, ஒரு சின்னப் பொதி உப்பு, மூக்குக் கழுவும் பிளாஸ்டிக் போத்தல்.

சாக்குக்கும் போத்தலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பதுளைச் சந்தையில் பதினெட்டு வருஷமாகக் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். படித்தது எட்டாம் வகுப்பு, மீதியை மூக்கு படித்துக்கொண்டது. நல்ல கருவாட்டையும் கெட்ட கருவாட்டையும் கண் பிரித்துச் சொல்லாது. வெயிலில் காய்ந்து உப்புப் பூத்து இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். முதுகெலும்பு ஓரத்தை நகத்தால் கீறி மணந்து பார்த்தால்தான் தெரியும். அந்த மூக்குத்தான் இரண்டு மாதமாக அடைத்துக் கிடந்தது. நெற்றியும் கன்னமும் கனத்து, பேச்செல்லாம் குடத்துக்குள் இருந்து வருகிற மாதிரி.

போன மாதம் அந்த மூக்கோடு கல்குடா போய்க் கட்டா மீன் கருவாடு வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் ஒரு பழைய வாடிக்கைக்கார அம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. “உங்க மூக்க நம்பித்தானே நாங்க வாங்குறோம்” என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம். கடையில் கூட நிற்கும் என் மகள் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை இப்படி ஆனால் நான் கல்குடா போக வேண்டாம், தரகர் கொண்டுவந்து போடுவதை வாங்கிக்கொள்ளலாம். தரகர் போடுவதை வாங்குவதென்றால் நான் எதற்கு?

பிறகுதான் டொக்டரிடம் போனேன். உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பை, அயடின் சேராத உப்பு கால் தேக்கரண்டி. தொட்டி மேல் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல் பக்கத்துத் துவாரத்தில் மெல்ல விட வேண்டும். கீழ்ப் பக்கத்தால் வழியும். எட்டு நாள் செய்திருந்தேன். இடது பக்கம் திறந்துவிட்டது. வலது பக்கம் வரலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றது.

பசறை, லுணுகலை தாண்டும் வரை ஜன்னலை மூடியே வைத்திருந்தேன், குளிர் ஆகாது. பக்கத்து சீட்டில் பிபிலைக்குப் போகும் மேசன் ஒருவர். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “கருவாட்டுக்காரிக்கு மூக்கடைப்புன்னா அது சாமி குடுத்த லீவுங்க, அனுபவிக்காம கழுவுறீங்களே” என்றார். பிபிலை வரை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இறங்கும்போது, மூக்கு வந்தால் முதலில் என்ன மணக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். யோசிக்கவே தேவையில்லை, கருவாடு என்றேன். தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப்போனார்.

காலை 11.20. மஹஓயா, புல்லுமலை, கரடியனாறு கடந்து செங்கலடி. மலைக்காரிக்கு அந்த வெயில் உலையின் இரும்புக் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. ஓட்டோவில் மூன்று கிலோமீட்டர், முந்நூறு ரூபாய், ஏறாவூர். ரஹீமா ராத்தாவின் வீட்டு வளவு, கடலோடு சேரும் வாவியின் கரையைத் தொட்டு முடிகிறது. ராத்தா என்றால் அங்கே அக்கா; இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்கிறவர். பல வருஷத்துக்கு முன் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தோம், அன்றிலிருந்து கருவாட்டுக்கு வந்தால் எனக்கு அங்கேதான் பாய்.

சாயங்காலம் 5 மணி. ராத்தா தறியில் இருந்தார். அவரை எழுப்புவானேன் என்று நானே கிணற்றில் ஒரு வாளி அள்ளி, கேத்தலில் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, கோப்பையில் அளந்து கால் கரண்டி உப்புப் போட்டேன். பதுளையில் எங்களுக்கு ஒரே தண்ணீர். மலையில் இருந்து குழாயில் வருவதுதான் குடிக்க, குளிக்க, கழுவ எல்லாவற்றுக்கும். கிணறு என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் தண்ணீர் என்றுதான் என் கணக்கு.

குனிந்து, சாய்ந்து, விட்டேன். மூக்குக்குள் யாரோ மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது. கண் இரண்டும் ஊற்றியது. கொஞ்ச நேரத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் சேர்ந்து இறுக்கிப் பூட்டிக்கொண்டன. எட்டு நாள் உழைப்பு போயிற்று. விடிந்தால் கல்குடா.

இருமல் கேட்டு ராத்தா ஓடி வந்தார். வாளியைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார்.

“கிணத்துத் தண்ணிலயா உப்பப் போட்டாய்?”

தலையாட்டினேன்.

“இந்தக் கோடைக்கு எங்கட கிணத்துல ஆத்துத் தண்ணி ஏறி இரிக்கி கா. சவுக்காரம் போட்டாலும் நுரைக்காது. அதுக்கு மேல நீயும் உப்பு போட்டு, மூக்கையே கருவாடு போட்டுட்டியே புள்ள.”

வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்கிறார்கள். மழை இல்லாத மாதங்களில் அதன் உப்பு கரையோரக் கிணறுகளுக்குள் வந்துவிடுமாம். அதனால் அந்த வீட்டில் தண்ணீருக்கு வேலை பிரித்து வைத்திருந்தார்கள். கிணறு முற்றம் தெளிக்க, கால் கழுவ. குழாய்த் தண்ணீர் குடிக்க, சமைக்க, துணி அலச. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அதனால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மகள் சொன்னதை அப்போதுதான் ராத்தாவிடம் சொன்னேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. இப்போது இன்னொரு தரம் ஊற்றாதே, வெந்த இடம் ஆறட்டும் என்றார். குழாய்த் தண்ணீரைக் கேத்தலில் வைத்தார். எதற்குக் காய்ச்சுவது என்று அவருக்கு ஒரு சந்தேகம். தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு கழுவும் வுழூவுக்கு நாளைக்கு ஐந்து தரம் பச்சைத் தண்ணீரைத்தானே மூக்கில் ஏந்துகிறோம் என்று கேட்டார். அது வாசலோடு போகிறது, இது உள்வீடு வரை போகிறது, அதனால் டொக்டர் காய்ச்சாமல் விடவே கூடாது என்றார் என்றேன். ஒப்புக்கொண்டார். ஆனால் நான் போத்தலை அமுக்கிக் காட்டிய விதத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“நீ வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரி அமுக்குறாய். மெல்ல விடு, தண்ணிக்கு வழி தெரியும். மறுகா மூக்கச் சிந்துறதும் மெல்லத்தான்.”

வெள்ளி, காலை 5.30. இரவெல்லாம் மூடி ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, கோப்பைக்குக் கால் கரண்டி உப்பு. ராத்தா விடிகாலை சுபஹ் தொழுகையை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். மெல்ல விட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே எங்கோ ஒரு கதவு நகர்ந்த மாதிரி இருந்தது. வலது பக்கத்தால் சளியோடு தண்ணீர் ஒழுகியது. இன்னும் கொஞ்சம். தெளிந்த தண்ணீராகவே வந்தது. வாயை மூடி மூச்சை இழுத்தேன். இரண்டு பக்கத்தாலும் காற்று, பதுளைக் காலைக் காற்று மாதிரி குளிர்ந்து உள்ளே போனது. எத்தனை நாளாயிற்று. ராத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணக்கிதா?”

காற்று வந்துவிட்டது, மணம் இன்னும் வரவில்லை என்றேன். போத்தலைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்துத் தந்து, போய் மீனைக் கேள் என்று அனுப்பினார்.

காலை 8.40. சித்தாண்டி, கிரான் வழியாக வாழைச்சேனை வரை பஸ். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டோ, ஐந்நூறு ரூபாய், கல்குடா. கடற்கரையில் சிவத்தின் வாடி, அதாவது மீன் காயப்போடும் ஓலைக் கொட்டகை. சிவம் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். கட்டாவை இரண்டு கட்டாக அடுக்கியிருந்தார். இரண்டும் பார்வைக்கு அக்கா தங்கை.

முதல் கட்டில் ஒன்றை எடுத்து முதுகு ஓரம் கீறி மூக்கருகே வைத்தேன். உப்பு, வெயில், மீன். மூன்றும் வரிசையாக வந்து நின்றன. இரண்டாம் கட்டில் மேலே இருந்ததை விட்டு நடுவில் இருந்து ஒன்றை உருவிக் கீறினேன். அடியில் ஒரு புளிப்பு, ஈரச் சாக்கு மூலையில் கிடந்த மாதிரி. இன்னொரு தரம் மணந்து பார்த்தேன். அதே புளிப்பு. அந்த நாற்றத்தைப் போல இனிமையான ஒன்று அந்த வருஷம் என் மூக்குக்கு வந்ததில்லை.

“இது வேணாங்க சிவம். உப்பு போடுறதுக்கு முன்னாடியே கெட்டுப்போன மீன்.”

சிவம் அந்தக் கட்டை இழுத்து ஓரமாக வைத்தார். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போன மாசம் நீங்க மணந்து பாக்காம எடுத்தீங்க அக்கா. அது கெட்டதெண்டு எனக்குத் தெரியும். நானும் சொல்லல்ல.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மணந்துதான் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மணந்த மாதிரி தலையாட்டினேன் என்றேன். சிவம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய், தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த கட்டைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். “இத மணந்து பாருங்க” என்றார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டு சாக்கும் நிறைந்தன.

பகல் 1.30. செங்கலடியில் பதுளை பஸ். கண்டக்டர் சாக்குகளைப் பார்த்து முகம் சுளித்துக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார். ராத்தா வீட்டில் ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு வேலை. எங்கள் வீட்டிலோ குழாயைத் திறந்தால் அவ்வளவுதான், வந்த தண்ணீரைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மகளிடம் முதலில் கருவாட்டைக் காட்டுவதா, கிணற்றுக் கதையைச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பிபிலையில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னங்க இது, கருவாட்டு நாத்தம் தாங்க முடியல” என்றார்.

நான் நன்றாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன்.

“ஆமாங்க” என்றேன். “எனக்கும் வருது.”