வெர்லின் மாமா வாய் திறந்தார்

வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, வெர்லின் டோனிகா இரண்டாம் மாடி வராந்தாவைத் துடைத்துக்கொண்டு வருவார். ஈரத் தரையில் தானும் கால் வைக்கமாட்டார், அடுத்தவரையும் விடமாட்டார். டாக்டரானாலும் ஓரமாகத்தான் போகவேண்டும். "செவுத்த ஒட்டிப் போங்க. விழுந்தா நாந்தான் தூக்கணும், எனக்கு இடுப்பு வலி."

வயது எழுபத்தொன்று. எங்கள் மலையடிவார மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாகத் துப்புரவு வேலை. நர்சுகள் எங்கள் எல்லோருக்கும் அவர் மாமா. இளவயதில் எங்கள் ஊர்க் கம்புப்பந்தான ஸ்டிக்பால் ஆடி உடைத்துக்கொண்ட முன்பல்லைப் பதக்கம்போலக் காட்டிச் சிரிப்பார். தரை துடைக்கும்போது சர்ச் பாட்டொன்றை முனகுவார். ராகம் மட்டும்தான், வார்த்தை வராது. என்னைப் போலவே அவருக்கும் எங்கள் பழங்குடியின் சாக்டா மொழி தெரியாது என்று நினைத்திருந்தேன். எங்கள் சனங்களை மிசிசிப்பியிலிருந்து விரட்டி ஓக்லஹோமாவுக்கு நடக்கவைத்தபோதுகூட அந்த மொழி கூடவே வந்தது. விடுதிப் பள்ளிகளில்தான் பிள்ளைகளின் வாயிலிருந்து போனது.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒலீட்டா இம்சன் என்ற எண்பத்துநாலு வயது அம்மாவைப் பக்கவாதத்தோடு கொண்டுவந்தார்கள். ஆங்கிலம் அத்தனையும் மறந்துபோயிருந்தது. சாக்டாவில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் விழித்தோம். சலைன் ஊசியை இரண்டு தடவை பிடுங்கி எறிந்துவிட்டு இறங்கப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் போனை எடுக்கவில்லை. கையைக் கட்டிவைக்கச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டார். நான் கட்டுத்துணியோடு நின்றபோது, மாமா துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரத் தரையை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். உதடு இரண்டு மூன்று முறை அசைந்தது. பிறகு சாக்டாவில் பேசினார்.

அந்த அம்மா அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நாயக் கட்டிப்போட்டுட்டு வந்துட்டாங்களாம், தண்ணி வைக்கலியாம்" என்றார் மாமா எங்களிடம். "அதுக்குத்தான் இத்தன ரகளை. வேல முடிஞ்சதும் போய் அவுத்துவிடறேன்னு சொல்லியிருக்கேன்."

"இப்பவே போங்க மாமா. தரைய நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

கட்டுத்துணியை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

மறுநாள் கேன்டீனில் சாப்பிடும்போது, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆறு வயசுல ஸ்கூல்ல என் வாயில சோப்பு வெச்சுத் தேச்சாங்க. அப்புறம் நம்ம பாஷை நாக்கு வரைக்கும் வரும், அங்கயே நின்னுடும். என் மக டார்லாவுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லித் தரல. அவளுக்கும் யாராச்சும் சோப்பு வெச்சுட்டா?" சூப்பில் சோளரொட்டியை உதிர்த்துப் போட்டார். "அந்தக்கா என்னை ஏசினாங்க தெரியுமா? 'ஏன்டா இப்பிடி இழுத்து இழுத்துப் பேசறே, குளிருதா'ன்னு. நம்ம பாஷையில திட்டு வாங்கி எத்தன வருஷமாச்சு! அவங்களுக்கு நான் எப்பிடி நன்றி சொல்றது?"

ஒலீட்டா அம்மா தேறிவிட்டார். நடைப்பயிற்சிக்கு வரும்போதெல்லாம் சோளமாவைத் தோகையில் சுற்றி அவித்த பனாஹா கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்து, அவர் உச்சரிப்பையும் ஒருமுறை திட்டிவிட்டுப் போகிறார். புதன்கிழமைதோறும் நடக்கும் சாக்டா மொழி வகுப்பில் இப்போது மாமாவும் நானும் கடைசி வரிசை. "உங்களுக்குத்தான் தெரியுமே" என்று டீச்சர் சொன்னால், "எழுதத் தெரியாதேம்மா" என்பார்.

போன வாரம் கேன்டீனில் இருந்தபோது டாலஸிலிருந்து டார்லா கூப்பிட்டாள். அவளும் கம்ப்யூட்டர் வழியாக வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம். "கேளுங்கப்பா" என்று சொல்லி, தட்டுத்தடுமாறி சாக்டாவில் ஒரு வாக்கியம் பேசினாள். தப்பு என்று எனக்கே தெரிந்தது. மாமா திருத்தவில்லை. சத்தத்தைக் கூட்டி, போனை மேசை நடுவில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். பிறகு, சர்ச்சில் உட்கார்வதுபோல, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.