அம்மாவின் பெயரில் பன்சலைக்குப் போன சாப்பாடு

அம்மா மறைந்த முப்பத்தோராம் நாள், காலை பத்தே முக்காலுக்கு, எங்கள் பஜார் பன்சலையின், அதாவது பௌத்த விகாரையின், வாசலில் எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. நானும் தம்பியும் என் மகளும் சாப்பாட்டுப் பாத்திரங்களை வெள்ளைத் துணியால் மூடி ஆட்டோவில் கொண்டுபோயிருந்தோம். அம்மாவின் ஆண்டு நினைவு மலரில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று தம்பி கேட்டார். ஒரு வருடம் ஆகியும் அந்த வாசலை நினைத்தால் எனக்கு அருவருப்பாகவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு அம்மாவைப் பற்றி எழுத என்னால் ஆகவில்லை.

அம்மா பிறந்தது ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்து வீட்டு வரிசையில். பால் வெட்டும் பெற்றோருக்கு மூத்த பிள்ளை. அப்பாவை மணந்து பஜாரில் பலசரக்குக் கடைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளுக்கு வந்தார். அப்பா இளவயதிலேயே காலமானார். அதன் பிறகு கடையையும் எங்கள் இருவரையும் அம்மா தனியாகவே தாங்கினார்.

அந்தக் காலத்தில் பன்சலை என்றால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அரச மரமும் தகரக் கொட்டகையும்தான். பஜாரில் கடை வைத்திருந்த சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே பிரசங்க மண்டபமான தர்மசாலையை எழுப்பினார்கள். சீமெந்து மூட்டைகளை ஏற்றிப் போனது எங்கள் கடைக் கைவண்டி. பிக்குமாருக்குப் பகல் சாப்பாடு கொடுக்க, மாதத்தில் ஒவ்வொரு நாளையும் ஒரு வீடு பொறுப்பேற்றது. எட்டாம் திகதி அம்மாவின் முறை. பருப்பு, பூசணி, பலாக்காய்க் கறி, கடைசியில் உளுந்து வடை. தலைமைப் பிக்குவான பெரிய ஹாமுதுருவோ அம்மாவை "வடே அம்மா" என்றே கூப்பிடுவார்.

"வடே அம்மா, அடுத்த பிறவியிலயும் நீங்க பன்சலைக்குப் பக்கத்துலயே பொறக்கணும்."

"எனக்காகவா சாமி, வடைக்காகவா?"

அவர் வாய்விட்டுச் சிரிப்பார்.

தமிழருக்கெதிரான கலவரத்தில் கடைகள் எரிந்த அந்த வருடம் பஜார்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தர்மசாலையில்தான் பாய் விரித்துப் படுத்தோம். பெரிய ஹாமுதுருவோ வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை. அம்மா கடைசிவரை மாரியம்மனையும் கும்பிட்டார், பௌர்ணமிப் போயா நாளில் பன்சலையில் விளக்கும் ஏற்றினார். இரண்டும் அவருக்கு ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருக்கவில்லை.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தொண்ணுக்கு என் சாப்பாடு பன்சலைக்குப் போகணும். பெரிய சாமி என் பேரைச் சொல்லிப் பின் குடுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்." பின் என்றால் புண்ணியம். தானம் கொடுத்த பிறகு பிக்கு ஓத, வீட்டார் தண்ணீர் வார்த்து, இறந்தவருக்குப் புண்ணியம் சேர்ப்பார்கள். பெரிய ஹாமுதுருவோவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அவரும் தலையாட்டியிருந்தார்.

வாசலில் எங்களை மறித்தவர் பன்சலைச் சபையின் புதிய செயலாளர். பஜாரில் பிறந்து வளர்ந்தவர். பன்சலை ஞாயிறு வகுப்புக்கு வரும் வயதில் அம்மாவின் வடைக்குக் கை நீட்டியவர். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. வெற்றிலையை மென்றுகொண்டே, என்னைத் தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னார்: "நங்கி, காலம் சரியில்ல. தமிழ் வீட்டுச் சாப்பாட்டச் சாப்பிட்டு ஹாமுதுருமாருக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"இத்தன வருஷமா ஆகாதது இன்னிக்கி ஆகுமா அண்ணே? உங்க வயித்துலயும் அந்த வடை போயிருக்கே!" என்றார் தம்பி.

அவர் கோபப்படவில்லை. துணியை விலக்கி, மூடியைத் தூக்கி, மோந்து பார்த்தார். செத்தவளின் பெயரில் வந்த சோற்றை மோந்து பார்த்தார்! பிறகு, "நீங்களே ஒரு வாய் தின்னு காட்டுங்களேன்" என்றார்.

தானத்துக்குச் சமைக்கும்போது அம்மா உப்புக்கூடப் பார்க்க மாட்டார். புத்தருக்குப் படைத்து, பிக்குமார் உண்ணும்வரை அதில் யார் வாயும் படக்கூடாது. பட்டால் எச்சில். பஜாரில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது. ஆனால் என் மகளுக்குப் பாட்டியின் மேல் விழுந்த பழிதான் தெரிந்தது. நான் தடுப்பதற்குள் ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டாள்.

"பாருங்க மாமா, நான் சாகல."

"ஐயோ, எச்சில் பண்ணிட்டியே துவே, மகளே! இனி இத எப்படிப் புத்தருக்கு வைக்கிறது?" என்று செயலாளர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கண்கள் சிரித்தன. அடுத்து, "எந்த ஸ்கூல்? ஐடி கார்ட் இருக்கா?" என்று அவளைக் கேட்டார். அந்நாட்களில் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடித்துப்போக இப்படியொரு கேள்வியே போதும். அவளை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். இன்றைக்கும் அவள் பஸ்ஸில் வரப் பத்து நிமிடம் தாமதமானால் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

வீட்டில் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். "நமக்குன்னு கோயில் இல்லையா? அவனுங்க வாசல்ல போய் எதுக்கு நின்னீங்க?" என்றார் ஒருவர். தர்மசாலையில் எங்களோடு பாய் விரித்துப் படுத்தவர்தான் அவரும். அந்த வாய்மீதும் எனக்கு அருவருப்புத்தான் வந்தது. புதிதாகச் சமைக்க நேரமில்லை. பகல் பன்னிரண்டு தாண்டினால் பிக்குமார் சாப்பிட மாட்டார்கள். பாத்திரங்களைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டும் அடித்தது.

அம்மாவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், பெட்டியைத் தூக்க இறங்கி வந்த தோட்டத்து உறவுகளுக்கும், மரண வீட்டுக்குச் சோறும் தேநீரும் அனுப்பிய பக்கத்துக் கடை முஸ்லிம் குடும்பத்துக்கும், பயந்து பயந்தாவது வந்து கும்பிட்டுப் போன சிங்கள அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சபையாருக்கு நன்றி சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அன்று பன்னிரண்டரைக்குப் பெரிய ஹாமுதுருவோ வெயிலில் குடையோடு, துணைக்கு யாருமின்றி, பஜார் முழுக்கப் பார்க்க நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார். நான் உடனே எழுந்திருக்கவில்லை. கும்பிடவும் இல்லை. அவர் என் மகளைப் பார்த்தார், பிறகு அம்மாவின் படத்தைப் பார்த்தார்.

"பன்சலை மேல் ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் துவே. இறங்கி வரப் பயமா இருந்துச்சு. சாப்பிடுற நேரம் போயிருச்சு. பின் குடுக்கிறதுக்கு அப்படி நேரக் கணக்கு ஒண்ணும் கிடையாது. தண்ணி கொண்டு வா, அம்மா பேரைச் சொல்லு."