அப்பாவின் இடது கன்னம்

பக்கவாதம் வந்த அப்பாவை மருத்துவமனையிலிருந்து கூலாய் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த நான்காம் நாள், வீடு நாறுகிறது என்று பெரியம்மா அறிவித்தார்.

"இது நோய் வாடை இல்ல. யாரோ என்னமோ செஞ்சு வெச்சிருக்காங்க."

அதன் பிறகு எங்கள் குடும்பத்துக்கு வந்த சுறுசுறுப்பைச் சொல்லி மாளாது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த சித்தப்பா, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். பெரியம்மா மூலைமுடுக்கெல்லாம் சாம்பிராணி காட்டினார். புகை தாங்காமல் அப்பா இருமினார்.

"பாத்தீங்களா, வெளிய போகுது!" என்றார் பெரியம்மா.

மறுநாள் அப்பாவைப் பார்க்க மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த தாதிக்குப் பேய் பிசாசில் அக்கறை இல்லை. அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, வாயைத் திறந்து, மரத்துப்போன இடது கன்னத்துக்குள் ஈரத்துணி சுற்றிய விரலை விட்டார். வெளியே வந்தது வெள்ளிக்கிழமை பெரியம்மா ஆசையாக ஊட்டிய கோயில் பொங்கல்.

அலமாரியில் அப்பாவின் புதுப் பல்துலக்கி இன்னும் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. தாதி அதையும் பார்த்துவிட்டார்.

"சாப்பிட்டதும் வாய எப்படிக் கழுவணும்னு ஆஸ்பத்திரில பேப்பர் குடுத்தாங்களே, எங்க?"

எல்லோரும் பெரியம்மாவை முறைத்தார்கள். நானும்தான் முறைத்தேன்.

பேப்பர் பத்திரமாகத்தான் இருந்தது. மேசையில் சூடு படக்கூடாதென்று, நாலாக மடித்து, சாம்பிராணித் தட்டுக்கு அடியில் நான்தான் வைத்திருந்தேன்.