வேப்பமரத்தடி ஆடு

கீழக்குயில்குடியிலிருந்து ஒரு விவசாயக் கூலி தன் மனைவியைக் காய்ச்சலோடு எங்கள் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கூடவே ஒரு வெள்ளாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். காய்ச்சல்காரிக்கு ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டோடு கொடுத்தால்தான் தெம்பு என்பது அவர் கட்சி. ரத்தம் சோதிக்கும் என் அறைக்கு நேர் எதிரே வேப்பமரத்தில் ஆட்டைக் கட்டினார். ஜன்னலில் நான் காயவைத்த வடிகட்டும் தாளை அது தின்ற அன்று நான் போட்ட சத்தத்தில் கம்பவுண்டரே ஓடிவந்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் பத்து நாள் ஏறும், பத்து நாள் இறங்கும். இடுப்பு வலியும் வியர்வையும் வேறு. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவுக்கு மசியவில்லை. க்ஷயமாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அப்படியானால் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவரை நாலு வயது மகளைக் கிட்டே விடக்கூடாது என்று உத்தரவு. பிள்ளை தினமும் கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டும். பார்க்கப் பொறுக்காமல் நான் வேறு வழியாகப் போய்விடுவேன்.

ஒரு காலை அவர் பால் கறக்கும்போது, குட்டியில்லாத இந்த மகாராணிக்கு இத்தனை உபசாரமா என்று சீண்டினேன்.

"ரெண்டு ஈத்தும் குறைக்குட்டிண்ணே. எம் பொஞ்சாதிதான் குட்டி மூக்குல ஊதி ஊதிப் பாத்தா, உசுரு தங்கல."

"பாலைக் காய்ச்சித்தானே குடுக்குற, மாப்ள?"

"காய்ச்சுனா சத்து அம்புட்டும் போயிருமே!"

எனக்குப் பொறி தட்டியது. ஆட்டைக் குறைக்குட்டி போடவைத்து, அதன் பச்சைப் பால் வழியே மனிதருக்கும் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு, அதைச் சோதிக்கும் மருந்துக்குப்பி சென்னையிலிருந்து வந்து சும்மா கிடந்தது. டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார், ஆனாலும் சம்மதித்தார். அவள் ரத்தத்தில் தெளிந்த நீரை ஒரு குழாயிலும் என்னுடையதை இன்னொன்றிலும் அந்த மருந்தோடு கலந்து வைத்தேன். மறுநாள் என் குழாய் அப்படியே இருந்தது. அவளுடையது திரிந்த பாலாகக் கட்டி கட்டியாய் நின்றது. அதே காய்ச்சல்தான்! டாக்டரிடம் அடித்துப் பிடித்து ஓடினேன். ஒரு செருப்பு படியிலேயே தங்கிவிட்டது.

க்ஷயம் இல்லை, மெல்ல மெல்லக் குணமாகும், பிள்ளையை விடலாம், பாலை மட்டும் காய்ச்சச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புருஷனுக்கோ, தன் ஆட்டைக் குற்றம் சொல்லிவிட்டோமே என்று மனத்தாங்கல்.

நானே போய் கேட்டைத் திறந்தேன். பிள்ளை நகரவில்லை.

"நான் கிட்ட வந்தா அம்மாவுக்குக் காச்சல் கூடிரும்ல?"

இத்தனை நாளும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டா நின்றாய், என் கண்ணே! அப்படியே குந்திவிட்டேன்.

"உன்னால இல்ல தாயி. அந்த ஆட்டால."

ஆட்டை ஒரு முறை முறைத்தாள். பிறகு எடுத்தாள் ஓட்டம், வார்டைப் பார்த்து.